கண் மூடாத ஜெபம்

பீச் ஃபோர்க், கென்டக்கி
பிப்ரவரி 12, 2023

அதை இடுப்பில் வைத்துக்கொண்டு எப்படி உட்காருவாய், எப்படிக் குனிவாய், யாரைக் கட்டிப்பிடிப்பாய் என்றெல்லாம் யோசித்தாயா நோரீன், இல்லை எந்த நிறத்தில் வாங்கலாம் என்பதோடு நின்றுவிட்டதா? பார், நலம்கூட விசாரிக்காமல் ஆரம்பித்துவிட்டேன். கர்த்தர் கிருபையில் நான் சுகம். மழை வருவது முழங்காலுக்கு மட்டும் முந்தியே தெரிந்துவிடுகிறது. உன் இருமல் போனதா? ஒஹாயோக் குளிரில் தலையை மூடாமல் திரியாதே. உன் அம்மா இமோஜீன் உயிரோடு இருந்தால் உன்னை மட்டுமல்ல, என்னையும் சேர்த்துத்தான் திட்டுவாள்.

"நம்ம குடும்பத்துல தினமும் கைத்துப்பாக்கி வச்சிருக்கிறது நீங்கதான், எது வாங்கலாம் சித்தி" என்று கேட்டிருக்கிறாய், ஏதோ மிக்ஸி வாங்குகிற மாதிரி. ஆஸ்பத்திரி வேலை முடிந்து விடிகாலையில் தனியாகக் காருக்கு நடப்பது பயம்தான். அதை நான் சின்னதாக்கவில்லை. ஆனால் என் கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்.

வேறு மாநிலத்தில் ஒரு சபைக்குள் புகுந்து சுட்ட செய்தி வந்ததே, அதற்குப் பிறகு இங்கே மூன்று பேரைக் காவலுக்கு வைத்தார்கள். போலீஸில் இருந்து ஓய்வுபெற்ற டெல்மர் வெளியே கார்களோடு. அவர் மச்சான் பக்கவாசலில். கடைசி பெஞ்சில் நான். சின்ன வயதில் அணில் சுட்ட கை, அதோடு வேதாகமமும் பெப்பர்மிண்டும் சுமக்கிற பொம்பளை மேல் யாருக்குச் சந்தேகம் வரும் என்று டெல்மர் சொன்னார். ஞாயிறு மட்டும் போதாது, தினமும் வைத்துப் பழகினால்தான் கைக்கு வரும் என்றும் சொன்னார். ஐந்து வருஷம் ஆகிவிட்டது.

சட்டை இரண்டு அளவு பெரிதாக எடுக்க வேண்டும். தபால் நிலையத்துக்குள் கொண்டுபோகக் கூடாது, காரில் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். நான் குளிப்பாட்டுகிற ரூபி பாட்டி வீட்டில் பேரப்பிள்ளைகள் ஓடித் திரிவார்கள், அங்கேயும் பூட்ட வேண்டும். எடு, வை, பூட்டு, பூட்டினோமா என்று திரும்பிப் போய்ப் பார். போன மாதம் ஆராதனை முடிந்ததும் என் தோழி ரெத்தா என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, "ஏ வெல்டா, இடுப்புல என்னடி கல்லாட்டம்" என்றாள். "வயசாச்சுல்ல, எலும்பு வெளிய வருது" என்றேன். கோயிலில் சொன்ன பொய்.

யாரோடும் சண்டை போட முடியாது. என்னைப் போல வாய் உள்ளவளுக்கு அது எப்படி இருக்கும் என்று யோசி. கடையில் வரிசையில் முந்துகிறவனிடம்கூட நான்தான் மன்னிப்புக் கேட்கிறேன். பேச்சு வளர்ந்து கைகலப்பானால் அங்கே ஒரு துப்பாக்கி இருக்கும், அது என்னுடையதாக இருக்கும்.

எல்லாவற்றையும்விட ஒன்று. ஜெபத்தில் சபை முழுக்கத் தலை குனிந்து கண் மூடும். நாங்கள் மூன்று பேர் மூடக் கூடாது. ஐந்து வருஷமாக நான் கோயிலில் ஜெபிக்கவில்லை, எல்லோரும் ஜெபிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன் தம்பி ஹாலிஸிடமிருந்து ஏதாவது தெரியுமா? ஆறு வருஷமாகிறது அவன் முகத்தைப் பார்த்து.

கர்த்தர் உன் நடையைக் காக்கட்டும்.
சித்தி வெல்டா


டேட்டன், ஒஹாயோ
மார்ச் 2, 2023

அன்புள்ள சித்தி,

இருமல் போய்விட்டது. முழங்காலுக்கு நான் அனுப்பிய களிம்பைத் தடவுகிறீர்களா, அல்லது அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறீர்களா?

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இன்னும் குழம்பிப் போயிருக்கிறேன். அது இருக்கட்டும். ஹாலிஸ் பற்றி நல்ல செய்தி. லெக்சிங்டனில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் இருக்கிறான். ஒன்பது மாதமாகப் போதை ஊசி, மாத்திரை எதுவும் தொடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் எனக்குப் போன் பண்ணுகிறான். நீங்கள் பார்த்தால் நம்ப மாட்டீர்கள், உடம்பு இரண்டு பங்காகிவிட்டது, தாடி மார்பு வரைக்கும்.

இந்த ஞாயிறு நம் சபைக்கு வரப் போகிறான். அம்மா வழக்கமாக உட்கார்ந்த பெஞ்சில் ஒரு தடவை உட்கார வேண்டுமாம். சித்தியிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். "சொல்லிட்டு நான் போகாம விட்டா, அவங்க கோழி அடிச்சு வச்சிட்டு வாசல்லயே நிப்பாங்கக்கா. அந்தப் பாவம் வேணாம்" என்றான். எனக்கு மனசு கேட்கவில்லை, எழுதிவிட்டேன். கடிதம் அதற்குள் வருமோ என்னவோ. வந்தால் தெரியாத மாதிரியே இருங்கள்.

அன்புடன்,
நோரீன்


பீச் ஃபோர்க்
மார்ச் 27, 2023

அன்பு மகள் நோரீனுக்கு, உன் சுகத்துக்காகத் தினமும் ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

உன் கடிதம் ஏழாம் தேதி செவ்வாய்க்கிழமை வந்தது. பதில் போட இத்தனை நாளாகிவிட்டது. இங்கே ஒரே மழை. ஓடை பாலத்தைத் தொட்டுவிட்டது. ரூபி பாட்டி சாப்பாட்டைத் துப்புகிறாள். கோழி ஒன்றை நரி கொண்டுபோனது, நல்ல முட்டை வைக்கிற சிவப்புக் கோழி. களிம்பு தடவுகிறேன், நாற்றம்தான் தாங்கவில்லை.

ஹாலிஸ் வருவதாக எழுதியிருந்தாய். அந்த ஞாயிறு உன் அம்மா பெஞ்சில் யாரும் வந்து உட்காரவில்லை.

துப்பாக்கி விஷயம், வாங்காதே. காரணம் கேட்காதே. வலது கை கொஞ்சம் நடுங்குகிறது, அதனால் எழுத்து இப்படி.

சித்தி


டேட்டன்
ஏப்ரல் 6, 2023

அன்புள்ள சித்தி,

கை நடுக்கத்துக்கு டாக்டரிடம் காட்டினீர்களா? உப்பைக் குறையுங்கள்.

எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை. ஒரு மாதமாக ஹாலிஸிடமிருந்து போன் இல்லை. அந்த இல்லத்துக்குக் கூப்பிட்டேன். மார்ச் ஐந்தாம் தேதி காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு பஸ் ஏறினானாம். சாயங்காலம் திரும்பி வந்து யாரிடமும் பேசவில்லையாம். மூன்றாம் நாள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டான். எங்கே என்று தெரியாது. திரும்ப அந்த ஊசிக்குப் போயிருந்தால் இந்தத் தடவை பிழைக்க மாட்டான் சித்தி. உடம்பு பழக்கம் விட்ட பிறகு பழைய அளவைப் போட்டு எத்தனை பேர் செத்து வருகிறார்கள் என்று ஆஸ்பத்திரியில் நான் பார்க்கிறேன்.

சபைக்கு வந்தானா? யாராவது வாசலில் ஏதாவது சொன்னார்களா? நம் ஆட்கள் வாய் எனக்குத் தெரியும். கடைசி பெஞ்சில் இருப்பது நீங்கள், உங்களைத் தாண்டி ஈகூடப் போக முடியாது.

உடனே எழுதுங்கள்.
நோரீன்


பீச் ஃபோர்க்
ஏப்ரல் 30, 2023

அன்பு மகளே, கர்த்தர் உன்னைத் தேற்றட்டும். உப்பைக் குறைத்துவிட்டேன்.

ஆப்பிள் ஜாம் இரண்டு பாட்டில் தனியாக அனுப்பியிருக்கிறேன், உடையாமல் வந்ததா? ஈஸ்டருக்குப் பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள். நான் கடைசி பெஞ்சிலேயே இருந்தேன்.

போன வாரம் தீவனக் கடை வாசலில் ஒருத்தன் வண்டியைப் பின்னால் எடுத்து என் காரில் இடித்தான். இறங்கி வந்து என்னையே திட்டினான். "கெழவி, கண்ணு என்ன பின்மண்டையிலயா இருக்கு?" பத்து வருஷத்துக்கு முந்தைய வெல்டாவாக இருந்தால் அவன் பாட்டன் வரைக்கும் இழுத்திருப்பேன். "தப்பு என்னுதுதான் தம்பி, போயிட்டு வாங்க" என்றேன். அவன் கை எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கார் கதவின் மேல் இருந்தது. வெறும் கை. காருக்குள் உட்கார்ந்து அரைமணி நேரம் அழுதேன், இடித்ததற்காக அல்ல.

ஹாலிஸுக்காக ஜெபிக்கிறேன்.

சித்தி


டேட்டன்
மே 12, 2023

சித்தி,

நலம்தானே. நானும் நலம். ஜாம் வந்தது. ஒரு பாட்டில் உடைந்துவிட்டது.

நரி பிடித்த கோழிக்கு ஒரு வரி எழுதுகிறீர்கள். இடித்த காருக்கு அரைப் பக்கம் எழுதுகிறீர்கள். என் தம்பிக்கு இரண்டு சொல்.

முந்தாநாள் யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டான். டென்னஸியில் எங்கோ மரம் அறுக்கிற ஆலையில் வேலையாம். குரல் தெளிவாக இருந்தது. "சபைக்குப் போனியாடா?" என்றேன். "போனேன்." "உள்ள போனியா?" "சித்தியக் கேளு. அவங்க சொல்லலன்னா நானும் சொல்ல மாட்டேன்" என்று வைத்துவிட்டான்.

கேட்கிறேன். சொல்லுங்கள்.

நோரீன்


பீச் ஃபோர்க்
மே 18, 2023

நோரீன், சுகம் விசாரிக்கிற யோக்கியதை இன்றைக்கு எனக்கு இல்லை. எழுதி முடித்துவிடுகிறேன்.

அன்று ஆர்வில் போதகர் நீண்ட ஜெபத்தில் இருந்தார். உனக்குத் தெரியும், அவர் ஆரம்பித்தால் ஊரில் உள்ள ஒவ்வொரு நோயாளிக்கும் பேர் சொல்லித்தான் முடிப்பார். எல்லோரும் கண் மூடியிருந்தார்கள். கதவு திறந்து ஓர் ஆள் உள்ளே வந்தான். பெரிய உடம்பு, தாடி, தொளதொள கோட்டு. நான் அறியாத ஆள். வலது கை கோட்டுக்குள் போனது.

டெல்மர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான்: "முதல்ல கையப் பாரு வெல்டா. அப்புறம் முகத்தப் பாரு. ரெண்டையும் பாக்காம உன் கை அசையக் கூடாது." நான் கையை மட்டும் பார்த்தேன். முகத்தைப் பார்க்கவில்லை.

எடுத்துவிட்டேன். உறையிலிருந்து எடுத்து, பெஞ்சின் முதுகுக்கு மேலாக அவன் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தேன். நாலடி தூரம். விரல் விசையில் இல்லை, அதை மட்டும் கர்த்தர் சாட்சியாகச் சொல்ல முடியும். ஆனால் விரல் விசைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? கண் சிமிட்டுகிற நேரம்கூட வேண்டாம்.

அவன் கையை மெதுவாக வெளியே எடுத்தான். ஒன்றுமில்லை. தொப்பி கலைத்துவிட்ட தலைமுடியை அவன் இடது கையால் கோதிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. தலையில் போட்டிருந்த கம்பளித் தொப்பியை வாசலில் கழற்றி, கோட்டின் உள்பைக்குள் வைத்திருக்கிறான். வேறொன்றுமில்லை. ஆண்பிள்ளை கோயிலுக்குள் தொப்பியோடு நுழையக் கூடாது என்று இமோஜீன் அவனுக்கு நாலு வயதில் சொல்லிக்கொடுத்தது. அவன் எடுக்கவில்லை நோரீன், வைத்தான்.

அப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன். என் அக்காவின் கண்.

அவன் துப்பாக்கியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "சித்தி" என்று உதடு மட்டும் அசைந்தது. நான் உடனே கீழே இறக்கியிருக்க வேண்டும். கை இறங்கவில்லை. மரத்துப்போன மாதிரி அப்படியே இருந்தது. அவன் முகத்தைத் திருப்பாமல் பின்னோக்கி நடந்தே வெளியே போய்விட்டான். போதகர் ஆமென் சொன்னபோது அது என் உறைக்குள் இருந்தது. டெல்மர் மச்சான் அன்றைக்கு வரவில்லை, மற்ற யாரும் பார்க்கவில்லை. வெளியே ஓடியிருக்கலாம். ஓடவில்லை. பாட்டுப் புத்தகத்தை எடுத்துப் பாடினேன்.

டெல்மரிடம்கூடச் சொல்லவில்லை. உன் கடிதம் இரண்டு நாள் கழித்து வந்தது. உன் அம்மா பெஞ்சில் யாரும் உட்காரவில்லை என்று எழுதினேன், அது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு பத்து ஞாயிறு அதே இடத்தில் காவல் இருந்திருக்கிறேன்.

அவன் திரும்ப ஊசிக்குப் போயிருந்தால் அது என் தலையில்தான்.

வெல்டா


டேட்டன்
ஜூன் 29, 2023

சித்தி,

இது நாலாவது கடிதம். மூன்றைக் கிழித்துப் போட்டேன். அதில் எழுதியதையெல்லாம் நீங்கள் படிக்காமல் இருப்பதே நல்லது.

துப்பாக்கி நீட்டியதற்காக எனக்குக் கோபமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிட, என் தம்பி எங்காவது கழிவறையில் செத்துக் கிடக்கிறானோ என்று இரண்டு மாதம் நான் பயந்தபோது, உங்களுக்குக் காரணம் தெரிந்திருந்தது. அதைத்தான் தாண்டிப் போக முடியவில்லை.

உங்கள் கடிதத்தை அவனுக்கு அனுப்பினேன். அவன் அந்தப் பழக்கத்துக்குத் திரும்பவில்லை. முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். போனில் சிரித்தான். "சின்ன வயசுல அவங்க வைக்கிற கல்லீரல் கறிய சாப்பிட்டே பொழச்சவன், இதுக்கா சாவேன்" என்றான். பிறகு சிரிக்கவில்லை. "எனக்கு அவங்க மேல கோவம் இல்லக்கா. ஆனா அங்க இருக்கிறவங்க என்னைப் பார்த்தா என்ன நினைப்பாங்கன்னு பயந்துட்டே போனேன்ல, அதுக்குப் பதில் கெடச்சிடுச்சு" என்றான்.

நீங்களே யோசியுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
நோரீன்


பீச் ஃபோர்க்
ஜூலை 20, 2023

அன்பு மகள் நோரீனுக்கு, நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு விண்ணப்பம் இல்லை.

நேற்று புதன்கிழமை கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன். முப்பது பேர் இருந்தார்கள். ஹாலிஸ் பேரைச் சொல்லி, தொப்பியைச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். ரெத்தா அழுதாள். டெல்மர் எழுந்தார்.

"நீ சுடலையே வெல்டா. சரியாத்தான நடந்திருக்கு?"

"முகத்தப் பாக்கலை டெல்மர்."

"ஒரு தப்புக்கு அஞ்சு வருஷக் காவலை விட்டுடுவியா? வேற யாரு இருக்கா, அந்த ஜானி பயலா? அவனுக்கு கண்ணாடி இல்லன்னா பொண்டாட்டியே தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "தப்பு ஒண்ணுதான். அது யாரு மேல நடந்துச்சுன்னு பாருங்க. இனி என்னால கதவ அப்படிப் பாக்க முடியாது. பாத்தா சுடுவேன், இல்ல சுட வேண்டிய நேரத்துல சுட மாட்டேன். ரெண்டும் சபைக்கு ஆகாது" என்றேன். போதகர் சரி என்று தலையை ஆட்டினார். காவல் வைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை, டெல்மர் இன்னும் வெளியே நிற்கத்தான் செய்கிறார், நிற்கட்டும். என்னால் ஆகாது, அவ்வளவுதான்.

பிஸ்டலைக் குண்டுகளை எடுத்துவிட்டு அலமாரியில் பூட்டிவிட்டேன். இடுப்பு லேசாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. கார் ஏறும்போதெல்லாம் கை அங்கே போய்த் தடவிப் பார்த்துவிட்டு வருகிறது.

ஆகஸ்ட் இருபத்தேழு கால் கழுவும் ஞாயிறு, இயேசு சீஷர்களுக்குச் செய்ததுபோல ஒருவர் காலை ஒருவர் கழுவுவோமே, அது. அன்றைக்கு முன்வரிசையில் உட்காருவேன். ஹாலிஸிடம் சொல். வா என்று சொல்லாதே. நான் எங்கே உட்காருவேன் என்பதை மட்டும் சொல்.

சித்தி


டேட்டன்
ஆகஸ்ட் 10, 2023

அன்புள்ள சித்தி,

நலம். நீங்களும் நலமென்று நம்புகிறேன்.

சொன்னேன். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "முன்வரிசையா? அவங்களா? காது மந்தமாயிடுச்சா?" என்று மட்டும் கேட்டான்.

நான் போன வாரம் அந்தக் கடைக்குப் போனேன். கையில் வாங்கிப் பார்த்தேன். திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். இன்னும் முடிவு எடுக்கவில்லை. இப்போது வேலை முடிந்து மூன்று பேராகச் சேர்ந்து காருக்கு நடக்கிறோம்.

கூட்டத்தில் சொன்னதற்கு நன்றி. கடிதத்தில் எழுதுவதைவிட அது கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

நோரீன்


பீச் ஃபோர்க்
ஆகஸ்ட் 28, 2023

அன்பு மகள் நோரீனுக்கு, கர்த்தரின் சமாதானம் உன்னோடு இருக்கட்டும். வலது கை நடுக்கம் நின்றுவிட்டது. முழங்கால் வலி நிற்கவில்லை.

நேற்று நான் கண் மூடினேன். போதகர் ஜெபத்தை ஆரம்பித்தார். முதல் ஐந்து நிமிஷம் கண்ணிமை துடித்துக்கொண்டே இருந்தது. முதுகுக்குப் பின்னால் கதவு இருக்கிறது என்பது கழுத்தில் உறுத்தியது. பிறகு எப்படியோ அது போய்விட்டது. ஐந்து வருஷக் களைப்பு ஒரே தடவையாக இறங்கிற்று. உன்னிடம் என்ன மறைப்பது, கொஞ்சம் தூங்கிவிட்டேன். "குறட்டை விட்டடி" என்று ரெத்தா சொன்னாள்.

பெண்கள் பக்கம் ரெத்தா துண்டைக் கட்டிக்கொண்டு என் காலைக் கழுவினாள். அவள் காலை நான் கழுவினேன். நிமிர்ந்தபோது ஆண்கள் பக்கத்தில் போதகர் தரையில் முழங்கால் போட்டிருந்தார். அவர் கையில் ஒரு பெரிய பாதம். பேன்ட் முழங்கால்வரை சுருட்டியிருந்தது. தாடியில் மரத்தூள். நான் எழுந்து ஓடவில்லை. அது அவனுடைய நேரம்.

வெளியே மர நிழலில் சாப்பாடு. இரண்டு தட்டு சாப்பிட்டான், கோயில் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு. நான் என் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். அவன் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் இடுப்பைப் பார்த்தான். அவனைக் குற்றம் சொல்ல முடியுமா?

"ஒண்ணுமில்லடா. எலும்புதான்" என்றேன்.

"தெரியும். அக்கா சொன்னா." கொஞ்ச நேரம் பீன்ஸைக் கிளறினான். "கல்லீரல் கறி இல்லையா?"

"நீ வருவேன்னு யாருக்குத் தெரியும்?"

"நல்லவேளை" என்றான்.

கட்டிப்பிடிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. உங்கள் அம்மா பெஞ்சிலும் உட்காரவில்லை, பக்கவாசல் அருகில்தான் உட்கார்ந்திருந்தான் என்று ரெத்தா சொன்னாள். நாலு மணி பஸ்ஸுக்கு டெல்மர்தான் கொண்டுபோய் விட்டார். அடுத்த மாதம் வருவதாக அவன் சொல்லவில்லை. நீ அவனிடம் கேட்காதே.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் ஒன்று ஞாபகம் வருகிறது. இத்தனை மாதம் இது என் மனசில் எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. நம் கோயில் கதவின் கீல் தொங்கிப்போனது, சும்மா சாத்தினால் ஊருக்கே கேட்கும், கைப்பிடியைத் தூக்கிப் பிடித்து, அடியில் பாதத்தைக் கொடுத்துத்தான் சத்தமில்லாமல் சாத்த வேண்டும், அது இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு மட்டும்தான் தெரியும். அன்றைக்கு நான் துப்பாக்கியை நீட்டிக்கொண்டிருக்கும்போதே, ஜெபம் கலையக் கூடாதென்று, அவன் கைப்பிடியைத் தூக்கிப் பிடித்து, பாதத்தைக் கொடுத்து, மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான்.

சித்தி வெல்டா